விளையாட்டு நல்ல குணத்தைத் தருமா?

விளையாடினால் குணம் மேம்படுமா, அன்றாட வாழ்க்கைக்கு உதவுமா என்பது கேள்வி. தானாக மேம்படாது என்பதுதான் என் பதில். 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் அத்தனை பட்டங்களையும் இழந்தார். உழைப்பிலோ பிடிவாதத்திலோ அவருக்கு ஒரு குறையும் இல்லை!

அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயினில் ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டம். முதலில் வந்துகொண்டிருந்த கென்ய வீரர் ஏபெல் முத்தாய், பந்தயம் முடிந்துவிட்டதாக நினைத்து எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்பே நின்றுவிட்டார். பின்னால் வந்த இவான் பெர்னாண்டஸ் அனாயா அவரை முந்தவில்லை. சைகை காட்டி அவரையே முதலில் போகச் செய்தார். இதில் சுவாரசியமே, அனாயாவின் பயிற்சியாளருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதுதான். பயிற்சியாளரும் பெற்றோரும் எதைப் பாராட்டுகிறார்களோ, பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு? நடுவர் தப்பாகத் தீர்ப்பு சொன்னாலும் அடுத்த பந்துக்குத் தயாராவது, தோற்ற மறுநாளும் பயிற்சிக்குப் போவது போன்றவை பழகப் பழக வரும். மேலதிகாரியிடம் திட்டு வாங்கிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கும்போது இந்தப் பழக்கம் நிஜமாகவே கைகொடுக்கும்.