நாத்தனார் முப்பது பக்கத்தில் மூடிவைத்த நாவல்

கேள்வி: தேவகோட்டையில் வசிக்கிறேன்; வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். நாங்கள் பன்னிரண்டு பேர் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுப் பட்டாலையில் கூடி, படித்த நாவல்களைப் பற்றிப் பேசிப் புத்தகங்களை மாற்றிக்கொள்கிறோம். ஆனால் ஒருவர் சொல்லும் புத்தகத்தை மற்றவர் படிப்பதே இல்லை. எனக்கு உயிரான ‘புயலிலே ஒரு தோணி’யை என் நாத்தனாருக்குக் கொடுத்தேன். அவருடைய தகப்பனார் இந்தோனேசியாவின் மெடான் நகரில் இருந்தவர் என்பதால் விரும்பிப் படிப்பார் என்று நம்பினேன். முப்பது பக்கத்தோடு மூடிவைத்துவிட்டார். கொடுத்த புத்தகங்கள் பல திரும்பி வருவதும் இல்லை. சிலர் பிடிஎஃப் கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அது சரிதானா? பிடித்த நாவலை அடுத்தவர் படிக்கும்படி பரிந்துரைப்பது எப்படி?

பதில்: உங்கள் நாத்தனாரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த முப்பது பக்கங்களில்தான் இருக்கிறது. அந்த நாவலை எழுதிய பா. சிங்காரம் உங்கள் மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்து, இளம் வயதிலேயே மெடானுக்கு வேலைக்குப் போனவர். அவர் எழுதிய உலகம் உங்கள் நாத்தனாருடைய தகப்பனார் வாழ்ந்த உலகம். அந்த அளவில் உங்கள் கணிப்பு தவறே இல்லை. நீங்கள் பார்க்கத் தவறியது நாவலின் நடையை. 1972-இல் நூலாக வந்த அந்த நாவல் கதையை ஒரே நேர்கோட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை. போர்க்காலத்து மெடானில் நிற்கும் கதாநாயகன் பாண்டியனின் நினைவு சட்டென்று மதுரைத் தெருக்களுக்குத் தாவும். நண்பர்கள் கூடுமிடத்தில் தமிழரின் பழம்பெருமை பற்றிய வாதம் பக்கக்கணக்கில் நீளும். அயல்மொழிச் சொற்கள் விளக்கமின்றி வந்து விழும். இரவு வேலையெல்லாம் முடித்து அரைமணி நேரம் மட்டும் புத்தகத்தைத் திறக்கிற ஒருவருக்கு, நேற்று விட்ட இடத்தை இன்று பிடிப்பதே அதில் கடினம். எனக்கும் அந்த நாவல் உயிர்தான். ஆனாலும் அதை முதல் புத்தகமாக எவருக்கும் நான் கொடுப்பதில்லை.

இந்தியாவில் நூலகவியலை ஒரு துறையாக வளர்த்தெடுத்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டை அடுத்தடுத்து வைத்தார்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். பரிந்துரைக்கிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறோம். நமக்குப் பிடித்த நூலுக்கு ஆள் தேடுகிறோம். எதிரில் இருப்பவருக்கு எந்த நூல் என்று தேடுவது வேறு வேலை, அதுவே பரிந்துரை.

இதை நான் நூலகப் பணியில் இருந்தபோது பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலை, குடும்பக் கதைகளை விரும்பிப் படிக்கும் ஓர் ஆசிரியைக்கு மிகுந்த ஆர்வத்தோடு எடுத்துக் கொடுத்தேன். செட்டிமார் வீட்டுக் கதை, உண்ணாமலை ஆச்சி என்று ஒரு பாட்டி, இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும் என்பது என் எண்ணம். மூன்று வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தபோது 38-ஆம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு மடித்துச் செருகப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த பக்கங்களின் ஓரம் புதிதாகவே இருந்தது. அவர் சங்கடத்தோடு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா பேச்சு பிடிபடலை” என்றார். அந்த நாவல் முழுவதும் குமரி மாவட்டத்து இரணியல் பேச்சில் ஓடுகிறது. சத்தமாக வாசித்தால் பத்தே பக்கத்தில் காது பழகிவிடும் என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால், அவர் தன்னிடம் குறை இருப்பதாக எண்ணிக் கூச்சப்பட்டிருக்க மாட்டார். தவறு முழுக்க என்னுடையது.

ஆகவே புத்தகத்தை எடுப்பதற்கு முன் கேள்வி கேளுங்கள். ‘உங்களுக்கு என்ன மாதிரி நாவல் பிடிக்கும்?’ என்ற கேள்வி பயன்படாது. எல்லோரும் நல்ல நாவல் என்றோ சரித்திர நாவல் என்றோ சொல்லி முடித்துக்கொள்வார்கள். கடைசியாக முழுதும் படித்து முடித்த புத்தகம் எது, அதை எத்தனை நாளில் படித்தார், எந்தப் புத்தகத்தை எந்த இடத்தில் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். நிறுத்திய இடம் அவரைப் பற்றி நிறையச் சொல்லும். ஒருவர் வருணனையில் நிறுத்துவார், ஒருவர் துயரத்தில் நிறுத்துவார்; இன்னொருவர் எழுத்து சிறிதாக இருக்கிறது என்பதற்காகவே நிறுத்தியிருப்பார், கூச்சத்தால் அதைச் சொல்லாமல் கதையின் மேல் பழி போடுவார். அறுபது வயதைத் தாண்டியவர்கள் கூடும் குழுவில் அச்செழுத்தின் அளவைக் கவனிக்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, கூட்டத்தில் பேசும் முறை. கதையைச் சொல்லாதீர்கள். ‘அருமையான நாவல், கட்டாயம் படிக்க வேண்டும்’ என்பதும் வேண்டாம். அந்தக் ‘கட்டாயம்’ என்ற சொல்லைக் கேட்டதும் கேட்பவர் மனத்தில் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. மூன்று செய்திகள் போதும்: கதை எங்கே, யாரிடையே நடக்கிறது; அதில் உங்களைக் கட்டிப்போட்ட ஒரு காட்சி; அந்த நாவல் வாசகரிடம் எதைக் கேட்கிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் குழுவில் ஆண்டுதோறும் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிறவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ பற்றி இப்படிச் சொல்லலாம்: “ஒரே பிற்பகலில் நடக்கிற கதை, நூறு பக்கம்கூட இல்லை. மாடு வாசலைத் தாண்டுவதற்கு முன் நிற்கிற அந்த ஒரு நொடியை நான் நேரில் பார்த்ததைவிட இதில்தான் சரியாகப் பார்த்தேன். பேச்செல்லாம் வட்டார வழக்கில் இருக்கும், நமக்குத் தடையில்லை.” இவ்வளவுதான். ‘எனக்கு நாவல் ஒத்துவராது, பாட்டி சொன்ன கதைகள்தான் பிடிக்கும்’ என்கிறவர் இருந்தால், கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ அவருக்குரியது. கிளைக்கதை வந்துகொண்டே இருக்கும், அவசரப்படாமல் கேட்பது போலப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு கூட்டத்தில் ஒருவர் ஒரு நாவலுக்கு மேல் பரிந்துரைக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெயர்களைப் பட்டியலாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எல்லோரும் கைகூப்பும் படத்தைப் பதிலாகப் போடுவார்கள், ஒருவரும் படிக்க மாட்டார்கள். பாதியில் நிறுத்தியவர் தயங்காமல் வந்து அதைச் சொல்லும் இடமாகவும் உங்கள் பட்டாலை இருக்க வேண்டும். அப்படிச் சொல்கிறவரை மடக்கிப் பேசினால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார்.

புத்தகம் திரும்பாத குறைக்குச் செட்டிநாட்டில் புதிதாக வழி தேட வேண்டியதில்லை. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களில் விலாசம் வெட்டி, விசேஷத்துக்குக் கொடுத்த அண்டாவையும் குத்துவிளக்கையும் நோட்டில் எழுதி, திரும்பியதும் அடித்துவிடுவது பழக்கம். அதில் யாரும் மனத்தாங்கல் கொள்வதில்லை. புத்தகத்துக்கும் அதையே செய்யுங்கள்: முதல் பக்கத்தில் உங்கள் விலாசம், கூட்டத்துக்குப் பொதுவான ஒரு நோட்டு, அதில் நூலின் பெயரும் வாங்கியவர் பெயரும் தேதியும் அவர் கையாலேயே. இரண்டு கூட்டங்களுக்குள் திருப்ப வேண்டும் என்பது போதுமான கெடு. மறுபடி கடையில் வாங்க முடியாத நூலை மட்டும் வெளியே விடாதீர்கள். விருப்பமுள்ளவர் உங்கள் வீட்டுக்கு வந்து படிக்கட்டும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராக ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துக் காத்தார். அவர் காலத்துக்குப் பிறகு 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பின் மேல்தான் எழுந்தது. பழைய பதிப்பு ஒன்று கைமாறிக் காணாமற்போனால் அது என்றென்றைக்குமான இழப்பாகிவிடலாம் என்பதை அவர் ஊர்க்காரர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

பிடிஎஃப் பற்றி: இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய படைப்புக்கு உரிமை உண்டு, அதற்குட்பட்ட நூலை அனுமதியின்றி நகலெடுத்து அனுப்புவது சட்டத்துக்கும் நேர்மைக்கும் புறம்பானது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் படைப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அத்தகைய நூல்களைத் தாராளமாகப் படிக்கலாம், அனுப்பவும் செய்யலாம். வாழும் எழுத்தாளரின் நூலை இருவர் சேர்ந்து விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்வதே முறை.

இனி உங்கள் நாத்தனார். ‘புயலிலே ஒரு தோணி’யை அவரிடமிருந்து ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துவிட்டு, அதே ஆசிரியர் அதற்கு முன் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’ நாவலைக் கொடுங்கள். அதே கடல் கடந்த வணிக உலகமும் அதே போர்க்காலமும் அதிலும் உண்டு, ஆனால் செல்லையாவுக்கும் மரகதத்துக்கும் இடையிலான காதல் என்ற ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு கதை நேராகப் போகிறது. இரவு அரைமணி நேர வாசிப்புக்கு அது ஒத்துவரும். கொடுக்கும்போது, அவருடைய தகப்பனார் வீட்டில் பேசிய கடைப் பேச்சுகளில் எவையெல்லாம் இதில் வருகின்றன என்று பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்; அது உங்களுக்குத் தெரியாத, அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அடுத்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வரை படித்தாயிற்றா என்று விசாரிக்காதீர்கள். முடித்துவிட்டு அவராகவே தோணியைத் திரும்பக் கேட்டால், முதல் அத்தியாயத்தை இருவரும் சேர்ந்து அமர்ந்து சத்தமாக வாசியுங்கள்.