அண்ணனுக்கு பி.எஸ்.ஏ. 6.4, தம்பிக்கு 3.1: யார் கவலைப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 66, ஓய்வுபெற்ற ஆசிரியர். போன மாதம் மகன் வற்புறுத்தியதால் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 6.4 என்று வந்து, பக்கத்தில் 'அதிகம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் குளிர் ஜுரமும் நீர்க்கடுப்பும் வந்து மாத்திரை சாப்பிட்டேன். உடனே பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) எடுக்கலாம் என்கிறான் மகன். ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார் நண்பர். என் தம்பிக்கு 63 வயது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். அதே நாளில் எடுத்த பரிசோதனையில் அவனுக்கு 3.1தான், நார்மல். எங்கள் அப்பா 74 வயதில் இடுப்பு வலியோடு ஆறு மாதம் படுத்த படுக்கையாக இருந்து இறந்தார். எனக்கு இருப்பது புற்றுநோய்தானா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது தம்பியின் 3.1 மேல்தான். அவர் சாப்பிடும் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மட்டும் இருந்தால் 3.1 என்பது 3.1தான். கூடவே டியூட்டாஸ்டிரைடு அல்லது ஃபினாஸ்டிரைடு இருந்தால் கணக்கு மாறுகிறது. இந்த இரண்டும் வீங்கிய புராஸ்டேட்டைச் சுருக்கும் மருந்துகள். ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். அப்படியானால் தம்பியின் உண்மையான அளவு 6.2 என்று வைத்துக்கொள்ள வேண்டும். லேப் கம்ப்யூட்டருக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது. நாலுக்குக் கீழே இருந்தால் 'நார்மல்' என்று அச்சடித்துவிடும். நம் ஊரில் டாம்சுலோசினும் சுருக்கும் மருந்தும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்தே வருவதால் பலருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. முடி கொட்டுவதற்காக ஃபினாஸ்டிரைடு சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும். இதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் போதும்.

இப்போது உங்கள் 6.4. புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. விந்தை நீர்த்துப்போகச் செய்ய அது சுரக்கும் ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. அதில் கொஞ்சம் ரத்தத்துக்குள்ளும் கசியும். சுரப்பி வயதால் பெருத்தாலும், கிருமித் தொற்றில் வீங்கினாலும், சிறுநீர் அடைத்து டியூப் போட்டாலும், புற்றுநோய் வந்தாலும் அந்தக் கசிவு கூடும். காரணம் எது என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆண்களுக்கு ஜுரத்தோடு நீர்க்கடுப்பு வந்தால் பெரும்பாலும் புராஸ்டேட்டிலும் தொற்று இருக்கும். அந்தச் சமயத்தில் பி.எஸ்.ஏ. இருபது, முப்பது என்று போவதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அது இறங்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். நீங்கள் பரிசோதனை செய்துகொண்டது மிகத் தவறான நேரம்.

ஆகவே இன்று பயாப்ஸி வேண்டாம். சிறுநீரில் கிருமி இல்லை என்று கல்ச்சர் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, தொற்று ஆறி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே லேபில் பி.எஸ்.ஏ. மறுபடி எடுங்கள். லேபுக்கு லேப் அளவு கொஞ்சம் மாறும் என்பதால்தான் அதே லேப் என்கிறேன். அதற்கு முன் இரண்டு நாள் தாம்பத்திய உறவும் நீண்ட தூர சைக்கிளும் வேண்டாம். நாலுக்குக் கீழே வந்தால் நிம்மதி, அப்புறம் எப்போது எடுப்பது என்பதை டாக்டர் சொல்வார். நாலுக்கும் பத்துக்கும் நடுவிலேயே நின்றால்கூட, அப்படி இருந்து பயாப்ஸி செய்துகொண்டவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருந்தது என்பது மேலைநாட்டுக் கணக்கு. பத்தைத் தாண்டினால் பாதிப் பேருக்கும் மேல்.

யூராலஜிஸ்ட் (சிறுநீரியல் டாக்டர்) ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பார். கூச்சப்பட்டு இதை வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் உண்டு. ஒரு நிமிடம்கூட ஆகாது ஐயா. பி.எஸ்.ஏ. நார்மலாக இருந்தும் விரலில் கல் போல ஒரு கட்டி தட்டுப்பட்டு நோயைக் கண்டுபிடிப்பதும் நடக்கிறது.

மறுபரிசோதனையிலும் அளவு கூடுதலாக இருந்தால் அடுத்தது எம்.ஆர்.ஐ. முன்பெல்லாம் நேராக பயாப்ஸிதான்: கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஊசி. 2018-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வில் 500 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தில் மட்டும் ஊசி போட்டார்கள். அந்தப் பிரிவில் 38 சதவீதம் பேரிடம் ஆபத்தான புற்றுநோய் பிடிபட்டது, பழைய முறையில் 26 சதவீதம். எம்.ஆர்.ஐ. பிரிவில் கால்வாசிக்கும் மேற்பட்டவர்களுக்கு பயாப்ஸியே தேவைப்படவில்லை. ரிப்போர்ட்டில் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் இருக்கும். ஒன்று, இரண்டு என்றால் சந்தேகம் குறைவு. நாலு, ஐந்து என்றால் பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும். அதில் மில்லி கணக்கில் போட்டிருக்கும் சுரப்பியின் அளவையும் பாருங்கள். பி.எஸ்.ஏ. எண்ணை அந்த மில்லி அளவால் வகுத்துப் பார்ப்போம். 6 என்ற பி.எஸ்.ஏ., 60 மில்லி சுரப்பியிலிருந்து வந்தால் 0.1, பெரிய சுரப்பி அதிகம் கசிகிறது, அவ்வளவுதான். அதே 6 ஒரு 30 மில்லி சுரப்பியிலிருந்து வந்தால் 0.2. அப்போது நான் கவலைப்படுவேன். 0.15 என்பது நாங்கள் வைத்திருக்கும் கோடு.

பயாப்ஸி ஊசியால் புற்றுநோய் பரவும் என்ற பயத்தில் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, எலும்புக்குப் போன பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது தாங்குவதில்லை. ஊசிப் பாதையில் பரவுவது மிக மிக அபூர்வம். உண்மையில் கவனிக்க வேண்டியது தொற்று. பயாப்ஸிக்குப் பிறகு குளிர் ஜுரம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரில் சில நாளும், விந்தில் சில வாரமும் ரத்தம் தெரிவது சாதாரணம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சரி, புற்றுநோய் என்றே வந்துவிட்டால்? பயாப்ஸி ரிப்போர்ட்டில் க்ளீசன் மதிப்பெண் (புற்றுநோய் எவ்வளவு முரடானது என்று காட்டும் எண்) என்ன என்று கேளுங்கள். 6 என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறு பயாப்ஸி என்று கண்காணித்து வந்தால் போதும். "கேன்சரை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி டாக்டர் தூங்குவது?" என்று குடும்பமே கேட்கும். பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். 2023-ல் வந்த முடிவின்படி, மூன்று பிரிவிலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்தப் புற்றுநோயால் சாகவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் கூடுதலானோருக்கு நோய் பரவியது உண்மைதான். அதனால்தான் கண்காணிப்பு என்ற பெயரில் டாக்டரை மறந்துவிடக் கூடாது. க்ளீசன் 7, 8 என்று ஏறினால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படும். அறுவைக்குப் பின் சிறுநீர் சொட்டுவதும், கதிர்வீச்சானாலும் அறுவையானாலும் விறைப்புத்தன்மை குறைவதும் பலருக்கு நேர்கிறது. இதைக் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எலும்புக்குப் பரவிய நிலையிலும் வழி இருக்கிறது. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார், 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் அதுதான் அடிப்படை. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடலாம், அல்லது விதைகளை ஒரே தடவையில் அறுவை செய்து நீக்கலாம். ஊசிக்குத் தொடர்ந்து செலவு செய்ய முடியாத குடும்பங்களுக்கு இரண்டாவது வழியில் எந்தக் குறைவும் இல்லை. இப்போது இதோடு அபிராடெரோன் போன்ற மாத்திரைகளையும் சேர்த்துத் தருகிறோம்.

இங்கேதான் உங்கள் அப்பா நினைவுக்கு வருகிறார். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் பெரும்பாலும் போய் உட்கார்வது இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும்தான். அவருக்கு அதுதான் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்ததா என்பதையும் சொல்லுங்கள், அதே மரபணுக் கோளாறு ஆண்களுக்கு இந்த நோயாக வரலாம்.

மகன் தனக்கும் எடுக்க வேண்டுமா என்று கேட்பார். குடும்பத்தில் நோய் உறுதியானால் 45 வயதில் தொடங்கலாம், இல்லாவிட்டால் 50-க்கு மேல் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். எல்லா ஆண்களும் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் 23 வருடம் நடந்த ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது: 456 பேரைப் பரிசோதனைக்கு அழைத்தால் ஒரு மரணம் தவிர்கிறது. அந்த ஒருவருக்கு அது முழு வாழ்க்கை. அதே சமயம், ஒருபோதும் தொல்லை தராத நோயைக் கண்டுபிடித்துத் தேவையில்லாத அறுவைக்குப் போனவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். 70-க்கு மேல், வேறு நோய்களும் இருப்பவர்களுக்கு பி.எஸ்.ஏ. எடுப்பதால் பெரும்பாலும் கவலைதான் மிஞ்சும்.

தடுப்பதற்கு என்று விற்கும் பொடி, மாத்திரை எதையும் வாங்காதீர்கள். 35,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்ட பிரிவில் இந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடத்தான் செய்தது. எடையைக் கட்டுக்குள் வையுங்கள், தினமும் நடங்கள், புகைப்பவரானால் விடுங்கள்.

எட்டு வாரம் கழித்து அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் யூராலஜிஸ்டைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்கும் போகலாம். பழைய ரிப்போர்ட், கல்ச்சர் ரிப்போர்ட், தம்பியின் மாத்திரை அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். இடையில் உங்களில் யாருக்காவது முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, நடக்கத் தடுமாறினாலோ, சிறுநீர் முழுவதும் நின்றுவிட்டாலோ அந்த எட்டு வாரம் உங்களுக்குப் பொருந்தாது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.