பாடகியை மாற்ற வேண்டாம்

வணக்கம். பாலக்கோட்டில் பம்பையும் கிட்டாரும் சேர்த்து நடத்தும் உங்கள் குழுவில், பயிற்சியில் அருமையாகப் பாடுபவர் மேடை ஏறினால் நடுங்குகிறார், வேறு ஆள் தேடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேடாதீர்கள்.

இங்கிலாந்தின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவில் 1968-இல் சேர்ந்த சாண்டி டென்னியை நினைத்துப் பாருங்கள். பழைய நாட்டுப்பாடல்களை ராக் இசையோடு கலந்த அந்தக் குழுவின் உயிரே அவர் குரல்தான். 1971-இல் லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் ஆல்பத்திலும் ஒரு பாட்டுப் பாடினார். அப்படிப்பட்டவருக்கே தன்மேல் நம்பிக்கை குறைவு. 31 வயதில் இறந்துவிட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். நம்ம பக்கத் தெருக்கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தானே முகம் காட்டுகிறார்? முதல் பாட்டை உங்கள் பாடகியும் அப்படியே பாடட்டும். பல்லவியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்ளட்டும். பம்பையை அவர் காதருகே வைக்காதீர்கள். தன் குரல் கேட்காவிட்டால் யாரும் கத்தத்தான் செய்வார்கள், தொண்டை கட்டும். மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது பாடுபவருக்கே தன் குரல் கேட்க அவர் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர், ஒன்று அவருக்கு மட்டும் வையுங்கள். அப்புறம், இறங்கியவுடன் தப்பைச் சொல்லாதீர்கள், மறுநாள் பேசுங்கள். நான் கிருஷ்ணகிரியில்தான் இருக்கிறேன், அடுத்த நிகழ்ச்சிக்கு அவசியம் வருகிறேன்.