வாய் வராத ஸ்தோத்திரம்

அன்புள்ள ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வாழை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் குலை தள்ளி நின்ற அத்தனையும் போய்விட்டது. மேல்மண்ணையும் தண்ணீர் வாரிக்கொண்டு போனது. கடன் இன்னும் அடையவில்லை. போன வாரம் அறுப்பின் பண்டிகை ஆராதனை. மழையும் வெயிலும் தந்த சிருஷ்டிகருக்கு நன்றி சொல்லுவோம் என்றார் குருவானவர். எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. அந்த மழையையும் அவர்தானே தந்தார்? நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. மழை அவருடையது என்று நம்புகிறவர்தான் அவரிடம் இப்படிக் கேட்க முடியும்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. உங்கள் வாழையைச் சாய்த்ததற்காக நன்றி சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ‘ஏன் கர்த்தாவே’ என்று கதறுகிற சங்கீதங்களும் வேதத்தில்தான் இருக்கின்றன.

அறுப்பின் பண்டிகை பற்றி எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு. வாழைக்குலை, பூசணி, சேவல் எல்லாம் பீடத்தின் முன் குவிகின்றன, அப்புறம் ஏலம் போகின்றன. அதிகம் கொண்டுவந்தவருக்கு அதிக ஆசீர்வாதம் என்ற ஒரு கணக்கும் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அப்படியானால் வெறுங்கையோடு வருகிறவர் எங்கே நிற்பார்?

104-ஆம் சங்கீதத்தை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். காட்டுக்கழுதைகள் தாகம் தீர்க்கின்றன. கொக்குக்குத் தேவதாரு மரம் வீடு. சிங்கக்குட்டிகள் இரவில் தேவனிடம் இரை கேட்டுக் கெர்ச்சிக்கின்றன. விடிந்ததும் அவை போய்ப் படுத்துக்கொள்ள, மனிதன் வேலைக்குப் புறப்படுகிறான். அந்தப் பெரிய உலகத்தில் நமக்கு ஒரு பகல் முறை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு என்ன விளைந்தது என்ற பேச்சே அதில் இல்லை. படைத்தவரைப் பார்த்து வியக்கிறவனின் பாட்டு அது.

வேதத்தில் வருகிற யோபுவிடமும் ஆண்டவர் இதைத்தான் பேசுகிறார். மனிதர் இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்யப் பண்ணுகிறவர் யார் என்று கேட்கிறார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் கேட்கிறார்! ஏன் இழந்தாய் என்பதற்கு அங்கே விளக்கம் கிடையாது. ஆனால் பேசினார், யோபு கேட்டதற்காக அவனைத் தள்ளிவிடவில்லை. அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

எங்கள் அம்மா உலையில் அரிசி போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். சபைக்கான பிடியரிசி. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடம், கடன் வாங்கிய அரிசியிலும் எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. "இதுல எதுக்கும்மா?" என்று கேட்டேன். "நெல்லு இன்னும் முளைக்குதுல்ல" என்றார். நெல் எங்கள் வயலில் முளைக்கவில்லை. எங்களுக்கு வயலே கிடையாது. அதே வருடம் அவர் ராத்திரி ஜெபத்தில் தேம்பி அழுததையும் பாயில் படுத்தபடி கேட்டிருக்கிறேன். காலையில் மறுபடி ஒரு பிடி எடுப்பார்.

எல்லாரும் எழும்போது உங்களால் எழ முடியவில்லை என்றால் உட்கார்ந்தே இருங்கள், தம்பி. ஆலயத்துக்குப் போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடன் விஷயத்தைச் சபையில் நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லுங்கள், தனியாகச் சுமக்க வேண்டாம்.

அப்புறம், அந்த நிலத்தில் மறுபடி கன்று வைத்தீர்களா? கடிதத்தில் அதை எழுதவில்லை. அடுத்த முறை எழுதுங்கள்.