கேள்வி – பதில்: மருந்தில்லாப் பள்ளித் தோட்டம்

கே: எங்கள் தொடக்கப்பள்ளியில் பூச்சிமருந்தே அடிக்காத காய்கறித் தோட்டம் போட அனுமதி கிடைத்துள்ளது. தொடக்கநிலை 4 மாணவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். வகுப்பறைக் கட்டடத்தை ஒட்டிப் புல்தரை காலியாக இருக்கிறது. எப்படித் தொடங்கலாம்?
– ஆசிரியை, ஈசூன்

மண்வெட்டியை எடுக்குமுன் வெயிலைப் பாருங்கள். கீரைக்கு 4 மணி நேர நேர்வெயில் போதும். வெண்டைக்கும் பயற்றங்காய்க்கும் 6 மணி நேரமாவது வேண்டும். இங்கே சிங்கப்பூரில் உச்சிவெயில் ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். டிசம்பர் நண்பகலில் கட்டடத்தின் நிழல், அதன் உயரத்தில் ஏறக்குறைய பாதித் தூரத்துக்கு வடபுறம் விழும். ஜூனில் பளிச்சென்று தெரிந்த வடபுறப் புல்தரை ஆண்டிறுதியில் சவலைக் கீரைதான் தரும்.

பாத்தி 2.4 மீட்டர் நீளம், 30 செ.மீ. ஆழம் இருக்கட்டும். அகலம் 90 செ.மீ. தாண்ட வேண்டாம், பிள்ளைகளின் கை எட்டாவிட்டால் மண்ணை மிதிப்பார்கள், மிதித்த மண் இறுகிவிடும். இந்த அளவுக்குச் சுமார் 650 லிட்டர் கலவை தேவை: மண் 5 பங்கு, நன்றாக மக்கிய உரம் 3 பங்கு, தேங்காய் நார்த்தூள் 2 பங்கு. பச்சைக் கோழி எரு கூடாது. வேர் கருகும், பிள்ளைகளின் கையில் கிருமியும் ஒட்டும். நனைந்தால் மொத்தம் ஒரு டன்னை நெருங்கும் என்பதால் பொறியாளரைக் கேட்காமல் மொட்டைமாடிக்கு ஏற்றிவிடாதீர்கள்.

முதல் விதைப்புக்குக் கங்கோங் எனும் வள்ளைக்கீரையும் தண்டுக்கீரையும் நல்லவை. கங்கோங் விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு செ.மீ. ஆழத்தில், 10 செ.மீ. இடைவெளி விட்டு ஊன்றுங்கள். நாலைந்து வாரத்தில் அறுக்கலாம். அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். 10 வாரப் பள்ளித் தவணைக்குள் இரண்டு அறுவடை கிடைத்துவிடும். எல்லாரும் முதலில் கேட்பது சாய்சிம் எனும் கடுகுக் குடும்பக் கீரை. பூச்சிகளும் முதலில் தேடி வருவது அதைத்தான்.

கே: எங்கள் சாய்சிம் இலை முழுக்கக் குண்டூசியால் குத்தியதுபோல் துளைகள். வலை போட்டும் குறையவில்லை, கூடித்தான் போகிறது. ஏன்?
– உயர்நிலைப்பள்ளித் தோட்டக்கலை மன்றம், உட்லண்ட்ஸ்

முந்தைய முறையும் அதே பாத்தியில் சாய்சிம் போட்டிருப்பீர்கள். இது 2 மி.மீ. அளவுள்ள கறுப்பு வண்டின் வேலை. முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள் இருக்கும். கிட்டே போனால் தெறித்துக் குதிக்கும். வேரருகே முட்டையிடும். புழு வேரைத் தின்று, மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக மேலே வரும். மண்ணிலிருந்து வருவதை வலை எப்படித் தடுக்கும்? உங்கள் வலை அவற்றைக் கூண்டில் வைத்துக் கீரை ஊட்டிக்கொண்டிருக்கிறது.

செடிகளை வேரோடு பிடுங்குங்கள். அந்தப் பாத்தியில் அடுத்த இரண்டு முறை கங்கோங், தண்டுக்கீரை, வெண்டை போடலாம். கைலான், பக்சோய், முள்ளங்கி எல்லாம் சாய்சிம் குடும்பம், ஆகவே அவையும் கூடாது. சாய்சிம்மை வேறு பாத்திக்கு மாற்றி, விதைத்த அன்றே வலை போடுங்கள். முளைத்த பிறகு போட்டால் வண்டு முந்திக்கொள்ளும். வலைக்கண் 0.8 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. ஓரத்தை மண்ணில் 5 செ.மீ. புதையுங்கள்.

துளைக்குப் பதிலாக, மேல்தோல் மட்டும் கண்ணாடிபோல் மிஞ்சியிருந்தால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. தொட்டால் துள்ளி, நூல்விட்டுத் தொங்கும். முட்டை மூன்று நாளில் பொரிப்பதால், வாரம் ஒரு முறை மன்றம் கூடும் நாளில் மட்டும் பார்த்தால் பயனில்லை. தினமும் இருவர், 10 நிமிடம், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் புழுவைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடட்டும்.

கே: 'பூச்சிமருந்து இல்லாத தோட்டம்' என்று பலகை வைத்திருக்கிறோம். வேப்பெண்ணெய் அடிக்கலாமா? மிளகாய்–பூண்டுக் கரைசலைப் பிள்ளைகளே அரைக்கலாமா?
– பெற்றோர் ஒருவர், சிராங்கூன்

வேப்பெண்ணெயும் பூச்சிமருந்துதான், மரத்திலிருந்து வந்தது என்பதால் அது மருந்தில்லை என்றாகிவிடாது. பலகையை 'செயற்கை மருந்து இல்லை' என்று மாற்றிவிடுங்கள், சங்கடம் தீர்ந்தது. வெண்டை, மிளகாய்ச் செடிகளில் சாறு உறிஞ்சும் அசுவினியோ மாவுப்பூச்சியோ வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கூடவே எறும்பு வரிசை வருகிறதா பாருங்கள். தேன்போன்ற கழிவுக்காக எறும்புகள் அசுவினிக்குக் காவல் நிற்கும். எறும்பைத் தடுக்காமல் அசுவினி போகாது. அடங்காவிட்டால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 மி.லி. திரவ சோப்பு, பிறகு 5 மி.லி. வேப்பெண்ணெய் கலந்து குலுக்கி, பெரியவர் ஒருவர் வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும். கீரைக்கு வேண்டாம், கசப்பு நிற்கும்.

மிளகாய்க் கரைசல் தொடக்கப்பள்ளிக்கு வேண்டவே வேண்டாம். கண்ணில் தெறித்தால் யார் பதில் சொல்வது?

கே: ஜூன் விடுமுறை நான்கு வாரம். அப்போது தோட்டத்தை என்ன செய்வது?
– ஆசிரியர், பாசிர் ரிஸ்

விடுமுறைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சர்க்கரைவள்ளிக் கொடித் துண்டுகளை 30 செ.மீ. இடைவெளியில் நட்டுவிடுங்கள், மண்ணை மூடிக் களையை அமுக்கும், இலையைச் சமைக்கலாம். காலிப் பாத்திகளில் அட்டை விரித்து மேலே 5 செ.மீ. காய்ந்த இலை போடுங்கள். பூவாளிகளைக் கவிழ்த்து, தொட்டியடித் தட்டுகளை உள்ளே எடுத்து வையுங்கள். 20 காசு நாணய அளவுத் தண்ணீரே டெங்கிக் கொசுவுக்குப் போதும்.

திரும்பி வந்ததும் அட்டைக்கு அடியில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் ஒளிந்திருக்கலாம். அவற்றில் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொட விடாதீர்கள். இடுக்கியும் கையுறையும் கொடுங்கள். அந்தத் தோட்டத்துக் கீரையை இலை இலையாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிட வேண்டும்.