அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி. சிகிச்சையை அவரால் தாங்க முடியுமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?

தாங்குவார். தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டாவது கேள்வியைப் படித்த பிறகு இதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. குடியாத்தத்துக்காரி, பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் வேலையில் இருந்தேன். 2012இல் ஈரலைத் தாக்கும் இந்த வைரஸ் நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் எடுத்துக் குணமானேன். அது பழைய வைத்தியம், அதைச் சொல்லி ஏன் பயமுறுத்துகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். பழைய வைத்தியம்தான். ஆனால் உங்கள் அம்மாவிடம் "ரொம்பக் கஷ்டம், படுத்த படுக்கையாக்கிவிடும்" என்று சொல்கிற சொந்தக்காரர்கள் எங்கள் காலத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு என்ன இருந்தது, இப்போது எது மாறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர்கள் வாயை அடைக்க முடியும்.

அக்கா மகள் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் எனக்கு இது இருப்பதே தெரிந்தது. அதுவரை உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. டாக்டர் பழசையெல்லாம் கேட்டுவிட்டு, 1990களில் இரண்டாவது பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989இல்தான், தானம் கொடுக்கிற ரத்தத்தை இதற்குச் சோதித்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் கட்டாயமானது 2001இல். அதனால் அந்த ஆஸ்பத்திரியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஈரல் நோய் என்றதும் "வீட்டுக்காரர் குடிப்பாரா, அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதா" என்று கேட்டவர்களை இன்னும் மன்னிக்கவில்லை. அந்த மனுஷர் வெற்றிலைகூடப் போடாதவர்.

ஊசி வாரத்துக்கு ஒன்று, வயிற்றில். எனக்கிருந்தது மூன்றாம் வகை வைரஸ், அதற்கு 24 வாரம். முதல் வகைக்காரர்கள் 48 வாரம் போட்டார்கள், அவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. ஒரு ஊசியின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும், கழுத்தில் கிடந்தது கையில் கிடந்தது எல்லாம் சேட்டுக் கடைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடக்கலாம் என்று சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கொள்வேன். நடுச்சாமத்தில் குளிர் தூக்கிப் போடும், எங்கள் ஊர் சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக் கிடந்தேன். ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைத்துவிடும், ஹீமோகுளோபின் இறங்கி நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். முடி கொட்டியது. கேழ்வரகுக் கூழும் மோரும் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை.

இதையெல்லாம் தாங்கிவிட்டேன். மனசு போன போக்குதான் தாங்க முடியாததாக இருந்தது. காரணமே இல்லாமல் அழுகை வரும், பிள்ளை பேசினால் எரிச்சல் வரும், இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். அக்காதான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அது நீங்கள் இல்லையம்மா, ஊசி செய்கிற வேலை என்று சொல்லி, மனநல டாக்டரிடம் அனுப்பி அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். அந்த ஒரு வார்த்தையை யாராவது முதல் ஊசிக்கு முன்பே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

2012 என்றால் மின்வெட்டும் ஞாபகம் வர வேண்டும். இந்த ஊசியை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. சென்னையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கரண்ட் போனதற்கே டிவியில் பெரிதாகப் பேசினார்கள். எங்கள் பக்கம் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது, ராத்திரியும் போகும். நோயாளிகள் எல்லாரும் தலைநகரத்தில்தான் இருக்கிறார்களா? வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப முடியாமல், ஜெனரேட்டர் வைத்திருந்த மெடிக்கல் ஷாப் பாய்தான் என் ஊசிகளைத் தன் கடை ஃப்ரிட்ஜில் வைத்திருந்து வாராவாரம் எடுத்துக் கொடுத்தார். அதற்கு அவர் ஒரு பைசா வாங்கவில்லை.

இப்போது தட்டு விஷயம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் விருந்தாளிகள் இருப்பார்கள். என் வீட்டிலும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் இலை போட்டுவிட்டு என் நாத்தனார் எனக்கு மட்டும் ஓரமாக ஒரு பழைய அலுமினியத் தட்டை வைத்தார், அவர் பிள்ளை என் மடியில் வந்து உட்கார்ந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை, அழுதது. குளிர்க் காய்ச்சலை மறந்துவிட்டேன், அந்தத் தட்டை மறக்கவில்லை.

இது ரத்தத்தின் வழியாகப் பரவுகிற நோய். சேர்ந்து சாப்பிட்டால், ஒரே டம்ளரில் குடித்தால், கட்டிப் பிடித்தால், இருமினால் பரவாது. பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் இவற்றை மட்டும் அம்மாவுக்குத் தனியாக வையுங்கள், ரத்தக் காயம் பட்டால் கட்டுப் போட்டு மூடுங்கள். வேறெதையும் பிரிக்க வேண்டாம்.

மாத்திரைக்கு வருகிறேன். 2013 கடைசியில் அமெரிக்காவில் இந்த நோய்க்கான சோஃபோஸ்புவிர் என்ற புது மாத்திரை வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். மறு வருடம் இந்தியக் கம்பெனிகளுக்கு அதைத் தயாரிக்க உரிமம் கிடைத்து, இங்கே விலை பல மடங்கு இறங்கியது. 2018 ஜூலை 28 முதல் மத்திய அரசின் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம், உங்கள் பக்கம் எந்த அரசு மருத்துவமனையில் தருகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம், ஊசி கிடையாது, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறது. கொஞ்சம் தலைவலி, அசதி இருக்கலாம். ஈரல் ரொம்பவே கெட்டுப்போயிருந்தால் ரிபாவிரினும் சேர்ப்பார்கள், அப்போது ஹீமோகுளோபினை அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். அம்மா நெஞ்செரிச்சலுக்கோ இதயத்துக்கோ மாத்திரை போடுகிறவர் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள், சிலது இதோடு சேராது. யார் சொன்னாலும் கீழாநெல்லிக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், அதில் வைரஸ் இல்லையென்றால் குணம். ஆனால் வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கியதைப் பார்க்கும் ஆன்டிபாடி சோதனை வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். போன வருடம் கண்புரை ஆபரேஷனுக்கு ஓர் இடத்துக்குப் போனேன், அந்தச் சோதனையைப் பார்த்துவிட்டு "உங்களைக் கடைசியாகத்தான் எடுப்போம்" என்று சாயங்காலம் வரை பட்டினியாக உட்கார வைத்தார்கள். குணமாகிவிட்டது என்று சொன்னதை நர்ஸ் காதிலேயே வாங்கவில்லை, வைரல் லோட் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டிய பிறகுதான் டாக்டர் வந்து பேசினார். அம்மாவுக்கு அந்த ரிப்போர்ட் வந்ததும் நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், போனிலும் ஒரு படம் இருக்கட்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.