கமாச்சோ: ஆடும்போது 15 வருடம், கோச்சானபின் 22 நாள்

ஸ்பெயினின் கால்பந்து வீரரும் கோச்சுமான ஹோசே அந்தோனியோ கமாச்சோவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): அண்ணா, எனக்குத் தெரிந்த கமாச்சோ அந்த வியர்வை ஃபோட்டோவில் இருப்பவர் மட்டும்தான். உண்மையில் யார் இவர்?

அந்த ஃபோட்டோ இல்லாமல் இவரைப் பற்றிப் பேசவே முடியாது போல! 2002 உலகக் கோப்பை, அப்போது ஸ்பெயின் அணிக்கு இவர்தான் கோச். கொரியாவின் புழுக்கம், நீலச் சட்டை, இரண்டு அக்குளிலும் தட்டு அகலத்துக்கு ஈரம். பாவம், அவர் வாழ்க்கையே அதில் அடங்கிவிட்டது.

ஆனால் அவர் பெரிய ஆட்டக்காரர். 1955-இல் முர்சியா பகுதியின் சியேசாவில் பிறந்தவர். 18 வயதில் ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போனார், 1974 முதல் 1989 வரை வேறு எங்கேயும் போகவில்லை. லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். 570-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், 9 லீக் பட்டம், ஸ்பெயினின் கோப்பா டெல் ரே கோப்பை 5, ஐரோப்பிய கிளப்புகளின் யுஏஃபா கோப்பை 2. ஸ்பெயினுக்காக 81 ஆட்டம். கோச்சாகவும் அதே பொறுமையோடு இருந்தார் என்று நினைத்தால், அங்கேதான் கதை மாறுகிறது. கீழே வருகிறேன்.

கேள்வி (கோவையிலிருந்து, தானும் லெஃப்ட் பேக் ஆடுபவர்): சார், அவர் ஆட்டத்தில் நான் பார்த்துக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இன்றைய லெஃப்ட் பேக்கை மனதில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அது மேன் மார்க்கிங் காலம். எதிரணியின் ஆபத்தான ஆளைக் காட்டி 'இவன் உன் பொறுப்பு' என்பார்கள். அப்புறம் அவன் தண்ணீர் குடிக்கப் போனாலும் பின்னாலேயே போக வேண்டும். கமாச்சோ அந்த வேலைக்கென்றே பிறந்த ஆள். உரசல், இடி, வாக்குவாதம் எதற்கும் அஞ்சமாட்டார்.

கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. 1978 ஜனவரியில் அவருக்கு முழங்கால் போனது. வயது 22. அந்த வருட உலகக் கோப்பையும் போனது. கிட்டத்தட்ட 2 வருடம் களத்துக்கு வெளியே. அந்தக் காலத்து அறுவை சிகிச்சையில் முழங்கால் போனவன் பெரும்பாலும் அதோடு முடிந்தான். இவர் திரும்பி வந்து இன்னும் 10 வருடம் ஆடினார், 1986 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்குக் கேப்டனாகவும் இருந்தார். அங்கே காலிறுதியில் பெல்ஜியத்திடம் பெனால்டியில் தோற்றார்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து, லிவர்பூல் ரசிகர்): 1981 இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராகக் கோல் வாய்ப்பை விட்டவர் இவர்தானே?

இவரேதான். நீங்கள் கேட்கும் தொனியிலேயே சிரிப்பு தெரிகிறது. பாரிஸில் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி, ரியல் மாட்ரிட்டும் லிவர்பூலும். இரண்டாம் பாதியில், டிஃபெண்டரான கமாச்சோ எப்படியோ தனியாக முன்னே போய்விட்டார். எதிரே கோல் கீப்பர் கிளெமென்ஸ் மட்டும். மேலே தூக்கிப் போட்டார். பந்து கீப்பரையும் தாண்டியது, கம்பத்தையும் தாண்டியது. 82-ஆவது நிமிடம் உங்கள் ஆலன் கென்னடி அடித்தார், 1-0. கென்னடியும் லெஃப்ட் பேக்தான். இரண்டு லெஃப்ட் பேக்குகளுக்குமே வாய்ப்பு வந்தது, ஒருவர் போட்டுவிட்டார்.

கேள்வி (மலேசியாவிலிருந்து): மால்டாவை 12-1 என்று அடித்த ஆட்டத்தில் இவர் இருந்தாரா? அது நேர்மையான ஆட்டம்தானா?

இருந்தார், பின்வரிசையில். 1983 டிசம்பர் 21, செவியா நகரம். யூரோ 84 எனும் ஐரோப்பிய நாடுகளின் போட்டிக்குப் போக ஸ்பெயினுக்கு 11 கோல் வித்தியாசம் தேவை. முதல் பெனால்டியையே வீணடித்தார்கள். இடைவேளையில் கணக்கு வெறும் 3-1. யார் நம்புவார்? இரண்டாம் பாதியில் 9 கோல். கடைசியில் நெதர்லாந்தும் ஸ்பெயினும் கோல் வித்தியாசத்தில் சமம். தகுதிச் சுற்று முழுவதும் சேர்த்து 24 கோல் போட்டதால் 22 போட்ட நெதர்லாந்தைத் தாண்டியது ஸ்பெயின்.

மால்டா வீரர்கள் பின்னாளில் சந்தேகம் கிளப்பியது உண்மை. எதுவும் நிரூபணமாகவில்லை. அந்த யூரோவில் ஸ்பெயின் இறுதிவரை போய் பிரான்ஸிடம் 2-0 என்று தோற்றது.

கேள்வி (மதுரையிலிருந்து): தலைப்பில் உள்ள 22 நாள் என்ன கதை? ரியல் மாட்ரிட் வேலையை யாராவது விடுவார்களா?

இவர் விட்டார், அதுவும் இரண்டு முறை.

1998 கோடை. மாட்ரிட் அப்போதுதான் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்திருந்தது, ஜெயித்துக் கொடுத்த ஹெய்ன்க்கஸையே அனுப்பிவிட்டது. கமாச்சோவுக்கு அதற்குள் பார்சிலோனாவின் எஸ்பான்யோல் கிளப்பை முதல் டிவிஷனுக்கு ஏற்றிய பெயர் இருந்தது. வந்தார். தன் உதவியாளர் குழு விஷயத்தில் தலைவர் லொரென்சோ சான்ஸோடு ஒத்துப்போகவில்லை. 22-ஆவது நாள் பெட்டியைக் கட்டிவிட்டார், ஒரு அதிகாரபூர்வ ஆட்டம்கூட நடக்கவில்லை. அடுத்து வந்த ஹிடிங்க் அந்த டிசம்பரிலேயே, ஐரோப்பிய, தென் அமெரிக்க சாம்பியன்கள் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பையைத் தூக்கினார்.

2004-இல் மறுபடி கூப்பிட்டார்கள். ஜிடேன், ரொனால்டோ, ஃபிகோ, பெக்கம், ராவுல், ஓவன் என்று கல்யாணச் சாப்பாடு போல ஒரு அணி. 3 லீக் ஆட்டம் நடந்தது. சாம்பியன்ஸ் லீக்கில் ஜெர்மனியின் லெவர்குசனில் 3-0 தோல்வி, அடுத்து எஸ்பான்யோலிடம் 1-0 தோல்வி. செப்டம்பர் முடிவதற்குள் ராஜினாமா.

சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற கோச்சுகள் நஷ்டஈட்டுக்காகத் துரத்தப்படும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இவருக்கு, தன் பேச்சை வீரர்கள் கேட்கவில்லை என்று பட்டால் போதும், கிளம்பிவிடுவார். ஆனால் அந்தப் பிடிவாதத்தைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் மாட்ரிட்டில் ஒரு முழு சீசனாவது பார்த்திருப்பார். அந்தக் குறை எனக்கு உண்டு.

கேள்வி (பெங்களூரிலிருந்து): 2002-இல் கொரியாவிடம் ஸ்பெயின் தோற்றது அநியாயம்தானே? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரி: ஆமாம். இரண்டாவது வரியும் வேண்டும். குவாங்ஜூ, ஜூன் 22. எகிப்து ரெஃப்ரி அல் கந்தூர். கூடுதல் நேரத்தில் ஹொவாகின் கோட்டோரத்திலிருந்து கிராஸ் போட, மொரியென்டஸ் தலையால் உள்ளே தள்ளினார். கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்டவரே ஜெயிப்பார் என்ற கோல்டன் கோல் விதி இருந்ததால் ஆட்டமே அங்கே முடிந்திருக்க வேண்டும். பந்து வெளியே போய்விட்டது என்று லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார். ரீப்ளே பார்த்தால் பந்து கோட்டுக்குள்தான். அதற்கு முன்னால் இன்னொரு கோலும் ஃபவுல் என்று போனது. பெனால்டியில் 5-3, தவறவிட்டவர் அன்று நன்றாக ஆடிய அதே ஹொவாகின்.

ஆனால் 120 நிமிடத்தில் செல்லுபடியான ஒரு கோலை ஸ்பெயினால் போட முடியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். காயத்தால் ராவுல் ஆடவில்லை. இன்னொரு வேடிக்கை: முதல் கீப்பராக இருந்திருக்க வேண்டிய கன்யிசாரெஸ், வாசனைத் திரவிய பாட்டிலைக் காலில் போட்டுக்கொண்டு போட்டிக்கே வரவில்லை. அதனால்தான் காசியாஸ் நின்றார்.

கேள்வி (கொழும்பிலிருந்து): மொரின்யோவை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தவர் என்கிறார்களே, மெய்யா?

மெய்தான். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2004 ஜனவரி 25, இவர் அப்போது கோச்சாக இருந்த போர்த்துகலின் பென்ஃபிகா அணி கிமரைன்ஸில் ஆடுகிறது. மழை. ஹங்கேரிக்காரர் மிக்லோஸ் ஃபெஹெர் மஞ்சள் அட்டை வாங்கி, ரெஃப்ரியைப் பார்த்துச் சிரித்தார், குனிந்தார், அப்படியே மல்லாக்க விழுந்தார். எழவே இல்லை. வயது 24. களத்தில் வீரர்கள் கதறினார்கள், கமாச்சோவும் அழுதார். ஃபெஹெரின் 29-ஆம் எண்ணை கிளப் யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த அணியைத்தான் இவர் மே மாதம்வரை இழுத்துவந்தார். போர்த்துகல் கோப்பை இறுதியில் மொரின்யோ கோச்சாக இருந்த போர்டோவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றார்கள். பத்து நாள் கழித்து அதே போர்டோ ஐரோப்பாவின் சாம்பியன். பென்ஃபிகாவுக்கு 8 வருடத்தில் கிடைத்த முதல் கோப்பை அது. கோச்சாக இவர் செய்த பெரிய வேலை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து): சீனாவில் என்ன ஆயிற்று?

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல செய்தி எதுவும் இல்லை. 2011-இல் சீன தேசிய அணியின் கோச்சாகப் போனார். 2014 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வெளியே. பிரேசிலிடம் 8-0. 2013 ஜூனில் சொந்த மண்ணில் தாய்லாந்திடம் 5-1. அதோடு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆப்பிரிக்காவின் காபோன் அணி: ஒபமெயாங் போன்ற நட்சத்திர ஆட்டக்காரர் இருந்தும், 2017 ஆப்பிரிக்கக் கோப்பையைச் சொந்த நாட்டில் நடத்தியும், 3 ஆட்டம் 3 டிரா, முதல் சுற்றிலேயே வீட்டுக்கு.

கேள்வி (திருச்சி மாணவரே மறுபடி): அண்ணா, அப்போ ஸ்பெயினில் இவரை எதற்காக நினைவு வைத்திருக்கிறார்கள்?

நிறையப் பேருக்கு அது ஒரு குரல். 2010 உலகக் கோப்பை இறுதியின்போது இவர் ஸ்பெயினின் ஒசாசுனா கிளப்பின் கோச், கூடவே தொலைக்காட்சியில் வர்ணனையாளர். 116-ஆவது நிமிடம், இனியெஸ்தா அடித்தார். பக்கத்தில் இருந்தவர் கோல் என்று கத்திக்கொண்டிருக்க, இவர் தொண்டை கிழிய 'இனியெஸ்தா, என் உயிரே!' என்றார். ஸ்பெயின்காரர்களுக்கு அந்தக் கோலும் அந்தக் கத்தலும் வேறுவேறு இல்லை. அன்று களத்தில் இருந்த காசியாஸ், புயோல், சாவி மூன்று பேரையும் 2000-இல் முதன்முதலாக தேசிய அணிச் சட்டை போடவைத்தவரும் இவர்தான்.